பதினேழாவது வரியில் குகதாசன்

நேரத்தை அளப்பதற்கென்றே கட்டிய கட்டடம் ஒன்றுக்குள் மூன்று நாள் நேரம் தெரியாமல் இருந்த மனிதர், எனக்குத் தெரிந்து, உடுப்பிட்டிக் குகதாசன் ஒருவர்தான். அவர் குளிரூட்டி திருத்துகிறவர். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் வங்கி, ஆஸ்பத்திரி, கலியாண மண்டபம் என்று எங்கே குளிர் நின்றாலும் அவருக்குத்தான் அழைப்பு வரும். கையில் ஒரு திருகாணிச் சாவிப் பை, சட்டைப் பையில் ஒரு சின்ன டோர்ச், வாயில் "அரை மணித்தியால வேலை" என்ற ஒரே பதில். அந்தப் பதில்தான் அவரைக் கெடுத்தது.

வெள்ளிக்கிழமை அவருடைய ஒரே மகள் வினோஜாவுக்குக் கலியாணம். புத்தூரில் மண்டபம். முகூர்த்தம் காலை பத்து பன்னிரண்டிலிருந்து பத்து நாற்பத்தெட்டு வரை. இந்த முப்பத்தாறு நிமிடத்தைக் கண்டுபிடிக்க வீட்டில் பட்ட பாடு கொஞ்சமல்ல. குகதாசன் திருக்கணித பஞ்சாங்கக்காரர். அவருடைய மனைவி மீனாம்பிகையின் தமையன் பொன்னம்பலம் வாக்கிய பஞ்சாங்கக்காரர். புதுவீட்டுக் குடிபூரலுக்கு எந்தப் பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பது என்று தொடங்கிய வாக்குவாதத்தில் மச்சான்மார் இருவரும் பன்னிரண்டு வருடமாக முகம் கொடுத்துக் கதைப்பதில்லை. இரண்டு பஞ்சாங்கமும் சண்டை பிடிக்காத முப்பத்தாறு நிமிடத்தை மீனாம்பிகைதான் ஒரு பின்னேரம் ஐயரோடு இருந்து தேடி எடுத்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை குகதாசன் அந்த மண்டபத்தின் குளிரூட்டிகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கம் இருந்த வலிகாமம் நேர நியம நிலையத்திலிருந்து ஆள் வந்தது. அவசரமாம். நடுவில் ஒரு வெங்காயத் தோட்டமும் தார் றோட்டும்தான். "அரை மணித்தியால வேலை" என்று மனைவிக்குச் சொல்லிவிட்டு அவர் றோட்டைக் கடந்தார்.

வாசலில் நேசையா இருந்தார். மிஷன் கல்லூரி ஒன்றின் கந்தோரில் முப்பத்தொரு வருடம் மாணவர் வரவு இடாப்பு எழுதி ஓய்வு பெற்றவர். வெள்ளை நீளக்கால்சட்டை, வகிடெடுத்த தலை, முத்து முத்தான எழுத்து. அவர் குகதாசனின் கைக்கடிகாரத்தையும் கைத்தொலைபேசியையும் வாங்கி ஒரு பெட்டிக்குள் வைத்தார்.

"சான்றிதழ் இல்லாத நேரம் ஒண்டும் உள்ளை போகக்கூடாது. பணிப்பாளற்றை சுற்றறிக்கை."

பிறகு சுவர்க் கடிகாரத்தை அண்ணாந்து பார்த்து, பேரேட்டில் 9.05 என்று எழுதினார். கடிகாரத்துக்குக் கீழே அதன் சான்றிதழ் பிளாஸ்ரிக் உறைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது.

"உவற்றை சான்றிதழும் வியாழனோடை முடியுது," என்றார் நேசையா கவலையாக. "புதுசு தரச் சொல்லி மூண்டு தரம் எழுதிப்போட்டன்."

"ஆர் தரவேணும்?"

"இவையள்தான்," என்று நேசையா உள்பக்கம் கை காட்டினார்.

படிவம் ஒன்று நீட்டப்பட்டது. நாங்கள் எல்லோரும் செய்வதைத்தான் குகதாசனும் செய்தார். வாசிக்காமல் கையெழுத்து வைத்தார்.

உள்ளே ஒரு கதவு, அது மூடியபின் திறக்கிற இன்னொரு கதவு, அதற்கப்பால் யன்னல் இல்லாத மண்டபம். நடுவில் ஆளுயரத்துக்கு மேல் நிமிர்ந்து நின்ற உலோகக் குழாயைக் காட்டி, ஆய்வு உத்தியோகத்தர் அருந்ததி அவருக்கு விளங்கப்படுத்தினாள். அதுதான் அணு ஊற்றுக் கடிகாரம். சீசியம் அணுக்களை லேசர் ஒளியால் குளிரவைத்துத் திரட்டி, மேலே எறிவார்கள். ஏறும்போது ஒரு தடவையும் விழும்போது ஒரு தடவையும் அவை ஒரு நுண்ணலைப் பெட்டியைக் கடக்கும். அந்த இரண்டு கடத்தலையும் வைத்து ஒரு செக்கன், அதாவது ஒரு விநாடி, என்றால் எவ்வளவு என்று அறுதியிடுவார்கள்.

"முப்பது கோடி வருசத்துக்கு ஒரு செக்கன்தான் பிழைக்கும், அண்ணை. அதை நாப்பது கோடியாக்கத்தான் இவ்வளவு பாடு."

"நல்லது பிள்ளை," என்றார் குகதாசன். "ஏசி எங்கை?"

ஏசி மூலையில் நடுங்கிக்கொண்டிருந்தது. அதன் விசிறியின் அச்சு தேய்ந்திருப்பதை அவர் காதாலேயே கண்டுபிடித்தார். மின்னாளியை அணைத்து ஏசியை நிறுத்திவிட்டு, மூடியைக் கழற்றி, சம்மணமிட்டு இருந்து வேலையைத் தொடங்கினார். கால் மணித்தியாலம் போயிருக்கும். திரைக்கு முன்னால் இருந்த அருந்ததி மெல்ல எழுந்தாள். பிறகு ஓடினாள். பிறகு பணிப்பாளர் கலாநிதி கோபிசங்கர், கழுத்துப்பட்டி ஒரு தோளில் கிடக்க, உள்ளே வந்தார்.

அந்த நிலையத்தில் ஒரு அட்டவணை உண்டு. அங்குள்ளவர்கள் அதைத் தேவாரம் போல் பாராமல் சொல்வார்கள். நேரத்தைக் குழப்பும் காரணங்களின் பட்டியல் அது. சுவரின் சூடு ஒரு வரி, கடல்மட்டத்திலிருந்து உயரம் ஒரு வரி, காந்தப்புலம் ஒரு வரி, அணுக்கள் தங்களுக்குள் முட்டுப்படுவது ஒரு வரி என்று பதினாறு. ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் நிச்சயமின்மை எழுதியிருக்கும். பதினாறாவது வரி "காரணம் தெரியாதது." ஆறு வருடமாகக் குறையாத அந்த வரி, குகதாசன் வந்து குந்தியிருந்த கால் மணித்தியாலத்தில் பாதியாகிவிட்டது.

"அசையாதேங்கோ," என்றார் பணிப்பாளர்.

"ஐயா, நான் இந்த மெசினை நிப்பாட்டினனான். உது நடுங்கினபடியால்தான்..."

"நீங்கள் விஞ்ஞானியோ?"

"இல்லை ஐயா."

"அப்ப காரணத்தை நீங்கள் சொல்லக்கூடாது. காரணமா இருக்கலாம்." பணிப்பாளர் அட்டவணையைப் பார்த்தார். "ஏசி நடுக்கம் எண்டு இதிலை ஒரு வரியும் இல்லை. இல்லாத வரி எப்பிடிக் குறையும்? புதுசா வந்த பொருள் நீங்கள் ஒராள்தான்."

இப்படியாக அட்டவணையில் பதினேழாவது வரி பிறந்தது: திரு. குகதாசன், 68 கிலோகிராம், 36.8 பாகை, வடகிழக்கு மூலை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் வெளிநாட்டு ஒப்பீட்டுச் சபைக்கு அறிக்கை போகவேண்டும். அதுவரை வரிகள் இடம் மாறக்கூடாது. குகதாசன் எழுந்து கதவடிக்குப் போனார். கதவு திறக்கவில்லை. கதவு திறந்தால் மண்டபத்தின் சூடு மாறும் என்பதால், உத்தியோகத்தர் அல்லாதவர் வெளியே போவதற்கு முதல்நாளே விண்ணப்பிக்கவேண்டுமாம். அவர் கையெழுத்து வைத்த படிவத்தை அருந்ததி கொண்டுவந்து காட்டினாள். "உட்புகுவோர் அனைவரும் அளவீட்டு நிலைமையின் ஒரு பகுதியாவர்" என்று நான்காம் பந்தியில் தெளிவாகத்தான் இருந்தது.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணம் வெள்ளிக்கிழமை!" என்று குகதாசன் கத்தினார்.

திரையில் ஒரு கோடு துள்ளியது.

"அண்ணை, கோவப்படாதேங்கோ," என்றாள் அருந்ததி, அழாக்குறையாக. "நீங்கள் கோவப்பட சுவர் சூடாகுது. முதலாவது வரி கூடுது."

அன்று பின்னேரம் சுற்றறிக்கை 43 வந்தது. பதினேழாவது வரிக்குக் கோபம் வரச் செய்வது தடை. சிரிக்கச் செய்வதும் தடை. மண்டபத்தினுள் 'கலியாணம்' என்ற சொல்லை உச்சரிப்பது முற்றாகத் தடை, ஏனெனில் அது இரண்டையும் செய்கிறது.

புதன்கிழமை அவருக்கு இடியப்பத்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்தார்கள். சொதி அவருடைய உடம்புச் சூட்டுக்கு ஆறும்வரை வெப்பமானி வைத்துக் காத்திருந்தார்கள். உள்ளே போனதை நிறுத்தவர்கள் வெளியே வந்ததையும் நிறுத்தார்கள். அதைப்பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. அறுபத்தெட்டுக் கிலோ அறுபத்தெட்டாகவே இருக்கவேண்டும் என்பதுதான் விடயம். தூக்கத்தில் அவர் இடப்பக்கம் புரண்டதற்கு விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது.

அவரை வதைத்தது அதுவல்ல. நேரம் தெரியாததுதான். யன்னல் இல்லை, கடிகாரம் இல்லை. மீனாம்பிகை இப்போது பலகாரம் சுடுகிறாளா, பந்தல்காரன் வந்துவிட்டானா, புதன் முடிந்து வியாழன் வந்துவிட்டதா என்று ஒன்றும் தெரியாமல் அவர் அந்த மூலையில் கிடந்து தவித்தார்.

"பிள்ளை, இப்ப எத்தினை மணி?" என்று அருந்ததியைக் கேட்டார்.

அவள் திகைத்துப்போனாள். "எனக்குத் தெரியாது, அண்ணை."

"உதென்ன கதை! உந்தப் பெரிய மணிக்கூட்டைப் பாத்துச் சொல்லன்."

"இது மணி காட்டாது அண்ணை. ஒரு செக்கன் எவ்வளவு நீளம் எண்டுதான் காட்டும். எந்தச் செக்கன் எண்டு காட்டாது."

"அப்ப நீங்கள் எப்பிடி வீட்டை போறனீங்கள்?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "பின்னேரப் பூசை மணி கேட்டவுடனை."

வியாழக்கிழமை மீனாம்பிகை நிலையத்துக்கு வந்து நேசையாவின் மேசைக்கு முன்னால் குந்திவிட்டாள். பணிப்பாளரே இறங்கி வந்தார். அவர் அவளுக்குச் சொன்னதை நேசையா பக்கத்தில் இருந்து கேட்டு எனக்குச் சொன்னார். நேசையா பொய் சொல்லமாட்டார்.

"அம்மா, நீங்கள் பெருமைப்படவேணும். உலகத்தின்ரை செக்கனிலை உங்கடை மனுசனும் ஒரு பங்கு. எனக்கும் குடும்பம் இருக்கு. என்ரை மகன் பிறந்தண்டு நான் ஆறாவது வரியோடை இருந்தனான். மகனுக்கு இப்ப பதினொரு வயசு. ஆறாவது வரி இன்னும் என்னோடைதான் இருக்கு."

"ஐயா, என்ரை பிள்ளைக்கு முகூர்த்தம் முப்பத்தாறு நிமிசம்."

"முப்பத்தாறு நிமிசமோ?" பணிப்பாளர் உண்மையாகவே பரிதாபப்பட்டார். "இவ்வளவு நிச்சயமின்மையோடை எப்பிடியம்மா ஒரு காரியம் செய்யுறியள்?"

மீனாம்பிகை அழுதாள். பதிலுக்குப் பணிப்பாளர் ஒரு குழு அமைத்தார். குகதாசனுக்குப் பதிலாக எதை வைக்கலாம் என்று ஆராயும் குழு. அறுபத்தெட்டு லீற்றர் சுடுநீர் நிரப்பிய பீப்பாய்க்கு ஒரு சாரம் உடுத்தி, அதற்கு குகதாசன்-2 என்று பெயரிட்டார்கள். அது மணித்தியாலத்துக்கு இரண்டு பாகை ஆறியது. சூடாக்கும் கம்பி சுற்றினார்கள். கம்பியில் காந்தப்புலம் வந்தது. ஒரு கிடாய் ஆட்டைப் பிடித்து வந்தார்கள். ஆட்டின் சூடு முப்பத்தொன்பது பாகை. அதோடு ஆடு படிவத்தில் கையெழுத்து வைக்காது. மனிதனுக்குப் பதில் மனிதன்தான் என்று குழு முடிவெடுத்தது. நிலையத்தில் உள்ள முப்பத்திரண்டு பேரும் அன்றே மருத்துவ விடுமுறைக்கு எழுதிக் கொடுத்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை, கதவின் சின்னக் கண்ணாடிக்கு அப்பால் ஒரு முகம் தெரிந்தது. குகதாசன் பன்னிரண்டு வருடமாகப் பார்த்தும் பாராமல் திரிந்த முகம். கையில் பட்டுவேட்டி, சால்வை. பக்கத்தில் ஒரு நிறுவைத் தராசு.

பொன்னம்பலம் அறுபத்தொன்பது கிலோ நின்றார். சங்கிலியைக் கழற்றினார். வெற்றிலைப் பெட்டி, இடுப்புப்பட்டி, செருப்பு, கடைசியில் கட்டுப்பல்லையும் கழற்றி மேசையில் வைத்தார். அறுபத்தெட்டு. முதல்நாளே விண்ணப்பம் போட்டு வைத்திருந்தபடியால் கதவு திறந்தது.

"எழும்பு மச்சான்," என்றார் பொன்னம்பலம், பொக்கை வாயால். "நான் இருக்கிறன்."

குகதாசன் எழும்பினார். "பின்னேரம் மட்டும் ஆடாமல் அசையாமல் இருக்கவேணும், மச்சான். ஒருத்தரோடையும் கதைக்கவும் ஏலாது."

"பன்னிரண்டு வருசம் உன்னோடை கதைக்காமல் இருந்தனான். இது ஒரு வேலையே? பஞ்சாங்கம் ரெண்டு, பிள்ளை ஒண்டு. கெதியாப் போ."

குகதாசன் அவருடைய இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். திரையில் கோடு துள்ளியது. இந்தத் தடவை அருந்ததி அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. பணிப்பாளர் பொன்னம்பலத்தை மூலையில் இருத்திவிட்டு, தானும் உள்ளே நின்றுகொண்டு, கடைசி அளவீட்டுக்காகக் கதவைப் பூட்டச் சொன்னார். இனிப் பின்னேரம்வரை அது திறக்காது.

குகதாசன் வேட்டியைக் கட்டிக்கொண்டு முற்றத்துக்கு வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. தோட்டத்துக்கு அப்பால் நாதஸ்வரம் கேட்டது. ஒலிபெருக்கியில் ஐயரின் குரல். இன்னும் நேரம் இருக்கிறது! அவர் வாசலுக்கு ஓடினார். இரும்புக் கதவு பூட்டியிருந்தது.

நேசையா பேரேட்டை விரித்து, பேனாவைத் திறந்து, சுவரை அண்ணாந்து பார்த்தார். சுவரில் கடிகாரம் இருந்த இடத்தில் ஒரு வெள்ளை வட்டம் இருந்தது.

"நேற்றோடை சான்றிதழ் முடிஞ்சுது, தம்பி. கழட்டி உள்ளை குடுத்திட்டன்."

"அதுக்கென்ன? திறவுங்கோ!"

"வெளியிலை போற நேரம் எழுதவேணும். சான்றிதழ் உள்ள நேரம்."

"என்ரை கைமணிக்கூடு உங்கடை பெட்டிக்குள்ளை கிடக்குது. அதைப் பாத்து எழுதுங்கோவன்!"

"அதுக்குச் சான்றிதழ் இல்லையே."

"மச்சான் காலமை உள்ளை வந்தவர்தானே. அவருக்கு என்ன எழுதினியள்?"

"உள்ளை வாறவைக்கு நேரம் கட்டாயமில்லை. போறவைக்குத்தான்." நேசையாவின் முகமும் வாடித்தான் இருந்தது. "தம்பி, நான் முப்பத்தொரு வருசம் இடாப்பு எழுதினனான். ஒரு பிள்ளை ஒரு நிமிசம் பிந்தி வந்தாலும் பிந்தினது எண்டுதான் எழுதினனான். என்ரை சொந்த மகனுக்கும் அப்பிடித்தான். தெரியாத நேரத்தைத் தெரிஞ்ச மாதிரி எழுத என்ரை கை வராது. பணிப்பாளர் ஒரு கையெழுத்து வைச்சால் இப்பவே திறப்பன்."

பணிப்பாளர் இரண்டு கதவுக்கு அப்பால் இருந்தார். குகதாசன் மதிலைப் பார்த்தார். இரண்டு ஆள் உயரம், மேலே முட்கம்பி. கும்பிட்டார். ஏசினார். கம்பியைப் பிடித்து உலுப்பினார். நேசையா எழுந்து வந்து ஒரு கோப்பை தண்ணீர் கொடுத்தார். இந்த மண்ணில் எத்தனையோ வாசல்களில், எத்தனையோ சோதனைச் சாவடிகளில் அவர் கைகட்டி நின்றிருக்கிறார். அங்கெல்லாம் துவக்கு இருந்தது. இங்கே ஒரு நல்ல மனிதரும் ஒரு பேனாவும் மட்டும் இருந்தன, அதுதான் அவருக்குத் தாங்கமுடியவில்லை.

ஒலிபெருக்கியில் ஐயர் யாரையோ அழைத்தார். பெண்ணின் தகப்பனை அழைக்கிறார் என்பது குகதாசனுக்கு விளங்கியது. "இஞ்சை நிக்கிறன்!" என்று அவர் இருந்த சத்தமெல்லாம் கூட்டிக் கத்தினார். வெங்காயத் தோட்டத்தில் நின்ற கொக்கு ஒன்று எழும்பிப் பறந்தது. ஒலிபெருக்கியில் கொஞ்ச நேரம் சலசலப்பு. பிறகு மந்திரம் தொடர்ந்தது.

பிறகு கெட்டிமேளம்.

குகதாசன் கதவுக் கம்பியைப் பிடித்தபடி நிலத்தில் இருந்துவிட்டார். கெட்டிமேளம் நின்றதும், நேசையா ஏதோ நினைவு வந்தவராக அவருடைய சட்டைப் பையைக் காட்டினார்.

"தம்பி, உது கலியாண அழைப்பிதழே?"

பணிப்பாளருக்குக் கொடுக்கலாம் என்று செவ்வாய்க்கிழமை கொண்டுவந்த ஒன்று. வியர்வையில் ஊறியிருந்தது. நேசையா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கவனமாக வாசித்தார்.

"பத்து பன்னிரண்டிலை இருந்து பத்து நாப்பத்தெட்டு. அச்சடிச்சிருக்கு. இந்த முப்பத்தாறு நிமிசத்துக்குள்ளை தாலி கட்டியாச்சு. அது என்ரை காதாலை கேட்டது." அவருடைய முகம் மலர்ந்தது. "பணிப்பாளர் சுற்றறிக்கையிலை சொல்லித்தானே இருக்கிறார், நிச்சயமின்மை எவ்வளவு எண்டு போட்டால் எந்த அளவீடும் செல்லும் எண்டு."

அவர் முத்து முத்தாக எழுதினார்: வெளியேறிய நேரம் 10.30, கூட்டல் கழித்தல் 18 நிமிடம். மை காயும்வரை ஊதினார். கையெழுத்து வாங்கினார். கைக்கடிகாரத்தையும் தொலைபேசியையும் எண்ணி ஒப்படைத்தார். பிறகு கதவைத் திறந்து, "கடவுள் பிள்ளையை ஆசீர்வதிப்பார்," என்றார் மனதார.

கலியாண மண்டபத்தில் சனம் அறுகரிசி போட்டு ஆசீர்வதிக்கத் தொடங்கியிருந்தது. மீனாம்பிகை புருஷனைக் கண்டதும் ஓடி வந்து, அழுதழுது நடந்ததைச் சொன்னாள். தகப்பனும் இல்லை, மாமனும் இல்லை. முகூர்த்தம் போய்க்கொண்டிருந்தது. ஐயர் சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு தருப்பைப் புல்லை எடுத்து, முடிச்சுப் போட்டு, தகப்பன் இருக்கவேண்டிய பலகையில் வைத்து, "இவர்தான் தகப்பன், தாரை வார்த்துக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டார். புல்லை ஒருவரும் நிறுக்கவில்லை. சூடு பார்க்கவில்லை.

புல் இன்னும் பலகையில் கிடந்தது. குகதாசன் அதை எடுத்து மடியில் செருகிக்கொண்டு மணவறைக்கு ஏறினார். வினோஜா தலை நிமிர்ந்து பார்த்தாள். கண் மை கரைந்து கன்னத்தில் இறங்கியிருந்தது.

"எங்கையப்பா போனனீங்கள்? இப்ப என்ன நேரம் எண்டு தெரியுமே?"

கடிகாரம் அவருடைய கையில்தான் இருந்தது. அவர் அதைப் பார்க்கவில்லை.

"பத்தரை, பிள்ளை," என்றார். "பதினெட்டு நிமிசம் முன்னைப் பின்னை இருக்கும்."